சமையலறையில் நின்று கேட்ட சாக்ஸபோன்

டெனர் சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடப்பவனுக்கு எல்லா ஊரும் ஒரே ஊர்தான். தோள் ஒரு பக்கம் இறங்கும், பெட்டியின் மூலை முழங்காலில் இடிக்கும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பினாங்கு அழகான ஊர் என்று போய்வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். நான் பார்த்த பினாங்கில் பாதி, பெட்டியை எங்கே இறக்கி வைக்கலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டதுதான்.

சனிக்கிழமை புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாண வரவேற்பு. சென்னையிலிருந்து எங்கள் மெல்லிசைக் குழு அதற்காகத்தான் வந்தது. மூன்று மணி நேரம் நின்றுகொண்டே வாசித்தேன். ஐம்பத்தாறு வயதில் அது ஒரு வேலை. மறுநாள் காலை மற்றவர்கள் ஊருக்குக் கிளம்ப, நான் மட்டும் பட்டர்வொர்த்தில் படகேறி ஜார்ஜ் டவுனுக்கு வந்தேன். மூன்று நாள் தங்கி, பழைய டெனர் ஒன்று வாங்கிக்கொண்டு வருவதாகக் குழுவில் சொல்லியிருந்தேன்.

"இருக்கறது போதாதா சார்?" என்றார் தபலாக்காரர்.

"ரெக்கார்டிங்குக்கு வேற மாதிரி சத்தம் வேணும்" என்றேன். அது பொய். எனக்கு ரெக்கார்டிங் வந்து இரண்டு வருடமாகிறது.

உண்மையான காரணம் என் மனைவி விமலாவின் காது. மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இடது காதை முழுக்க எடுத்துக்கொண்டு போனது. மிச்சமிருந்த வலது காது நேர்மாறாகிவிட்டது. தட்டில் கரண்டி பட்டால் முகம் சுளிப்பாள். குக்கர் விசில் அடிப்பதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். என் சாக்ஸபோனோ டிரம்ஸையும் பந்திச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போகிற ஜாதி. இருபத்தேழு வருடமாக எனக்குச் சோறு போட்டதே அந்தக் கூர்மைதான்.

வாசிக்காதீர்கள் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. பெட்டியின் கொக்கியை நான் விடுவிக்கும் சத்தம் கேட்டதும், வாசலில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொள்வாள். "நீங்க வாசிங்க, நான் பக்கத்து வீட்டுல இருக்கேன்" என்று கிளம்பிவிடுவாள். கட்டியவளைச் சொந்த வீட்டிலிருந்து கிளப்பிவிட்டு எவன் நிம்மதியாக வாசிப்பான்? வீட்டில் கருவியைத் திறப்பதையே விட்டுவிட்டேன். பெரம்பூரில் தெரிந்தவர் மண்டபம் ஒன்று இருக்கிறது. அங்கே பாத்திரங்கள் அடுக்கிய அறையில் போய்ச் சாதகம் செய்கிறேன், அண்டாக்களுக்கு நடுவில்.

அவள் வீட்டில் இருக்கும்போது வாசிக்கக்கூடிய ஒரு சாக்ஸபோன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வெளியே சொல்ல ஏனோ வெட்கமாக இருந்தது.

புதிதாக வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். புதியவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, குரலும் ஒன்றுதான். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் செய்தவற்றில்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சுங்கை பினாங்கில் ஆல்பர்ட் என்பவரிடம் இப்படிப்பட்ட டெனர் இரண்டு இருப்பதாகவும், ஒன்றை விற்கப் போவதாகவும் போன முறை எங்களை அழைத்த உள்ளூர்க் குழுவின் கிட்டார்காரர் சொல்லியிருந்தார். அந்தக் குழுப் பையன்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஞாயிறு மதியம் லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த அறையில் பையைப் போட்டுவிட்டுச் சாப்பிட இறங்கினேன். தமிழ் முஸ்லிம் ஒருவருடைய நாசி கண்டார் கடை. சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று நாலைந்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றினார்கள். எங்கள் பக்கத்தில் குழம்பு ரசத்தோடு கலந்துவிட்டாலே பந்தியில் சண்டை வரும். "எல்லாத்தையும் தனித்தனிக் கிண்ணத்துல குடுங்களேன்" என்றேன், விவரம் தெரியாமல்.

கடைக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, ஊருலேருந்தா வர்றீங்க? பிரிச்சுக் கேட்டா இதுக்கு ருசி இல்ல லா. கலக்கணும். பேசாம சாப்புடுங்க."

பேச்சின் வாலில் ஒரு 'லா' சேர்ப்பது இந்த ஊர்ப் பழக்கம். பேசாமல் சாப்பிட்டேன். அவர் சொன்னது சரிதான். களைப்பாக இருக்கும்போது நாம் நினைத்தது தப்பு என்று தெரிந்தால்கூட எரிச்சல் வருவதில்லை.

சுங்கை பினாங்குக்கு வாடகைக் காரில் போனேன். ஓட்டிவந்த தம்பி, என் மடியில் நிறுத்தி வைத்திருந்த பெட்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார். "அண்ணே, உள்ள என்ன?"

சாக்ஸபோன் என்றேன்.

"நல்லதா போச்சு. நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்" என்று பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

ஆல்பர்ட்டின் வீடு அடுக்குமாடியில் பதினோராவது மாடி. லிப்ட் ஒற்றைப்படை மாடிகளில் நிற்காதாம், பத்தில் இறங்கிப் படியேற வேண்டும். ஏறினேன். கதவைத் திறந்த செலின் அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆல்பர்ட்டின் மனைவி. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "பசியாறிட்டீங்களா தம்பி?" காலைச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து மணியைப் பார்த்தேன். எந்த நேரத்திலும் கேட்பார்களாம்.

ஆல்பர்ட் அண்ணன் ஒல்லியான மனிதர். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தபடி, சனி ஞாயிறுகளில் ஓட்டல்களில் வாசித்தவர். பேசும்போது வாயை அதிகம் திறக்கவில்லை. காரணத்தை அவரே சொன்னார். போன வருடம் மேல் வரிசை முன்பற்கள் மொத்தமும் போய்ப் பல்செட் வைத்திருக்கிறார். சாக்ஸபோன்காரனுக்கு இது எப்படிப்பட்ட இடி என்று தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வாயில் வைக்கும் மவுத்பீஸின் மேல் நம் மேல்பல்தான் உட்கார வேண்டும். அந்தப் பிடிதான் எல்லாம். பல்செட்டை வைத்துக் கடித்தால் அது நழுவும்.

"ஊதினா செட்டு தனியா ஆடுது, நான் தனியா ஆடுறேன்" என்றார். "ரெண்டு எதுக்கு? ஒன்னு போகட்டும்."

இரண்டு டெனர்களையும் கட்டிலின் மேல் வைத்தார். ஒன்று பூச்சு முழுக்க உதிர்ந்து, பழைய செப்புக் குடத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. இன்னொன்று வெள்ளி முலாம் பூசியது. வெள்ளியைப் பார்த்ததும் எனக்குச் சுவாரசியம் போய்விட்டது. என்னுடையதும் வெள்ளிதான். ஒரே நாட்டில் செய்தது, ஏறக்குறைய ஒரே வயது. அண்ணன் தம்பிபோல இருந்தன. ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். காதருகே அதே கூர்மை. கீழே வைத்துவிட்டேன்.

பழுப்பை எடுத்து ஒரு நீண்ட சுரம் பிடித்தேன். என்ன சொல்ல! கெட்டியான கஷாயம் இறங்குவதுபோல அகலமாக, மெதுவாக, அடியில் ஒரு ரீங்காரத்தோடு வந்தது. இதைத்தான் தேடினேன். சந்தோஷத்தில் பத்து நிமிடம் நிறுத்தாமல் வாசித்தேன். பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னல் படாரென்று மூடியது.

"இதையே எடுத்துக்கறேன் அண்ணே" என்றேன்.

"நாளைக்கி வாங்க" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை.

"மொத நாளு கேக்குறது ரீட்டோட சத்தம். ரெண்டாவது நாளு உங்க பழைய சாக்ஸோட சத்தம் காதுல இருக்கும். மூணாவது நாளுதான் இது பேசும். மூணு நாளு வாசிக்காதவங்களுக்கு நான் குடுக்குறது இல்ல லா."

விற்கிறவர் வாங்குகிறவனை இப்படி அலைக்கழிப்பதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ரீட் என்பது நாதஸ்வரத்துக்குச் சீவாளிபோல எங்களுக்கு ஒரு நாணல் சீவல். பினாங்கின் ஈரக் காற்றில் அது ஊறிப்போய்ச் சத்தத்தை மெத்தென்று ஆக்கியிருக்கலாம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

திங்கட்கிழமை சிக்கனமாகப் பேருந்தில் போவதென்று முடிவு செய்தேன். பேருந்துக்குள் குளிர்ச்சி, வெளியே மழை, மடியில் பெட்டி. கண்ணை மூடியது மட்டும்தான் நினைவிருக்கிறது. யாரோ தோளைத் தட்டினார்கள். மலாய்க்கார ஓட்டுநர் குனிந்து நின்று, "மாமா, பாதை முடிந்துவிட்டது. இதற்கு மேல் போனால் விமானத்தில்தான் போக வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வெளியே பார்த்தால் உண்மையிலேயே விமான நிலையம். சுங்கை பினாங்கைத் தாண்டி அரை மணிக்கு மேல் தூங்கியே வந்திருக்கிறேன். அப்படியே உள்ளே போய் ஊருக்கு விமானம் ஏறிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்லவில்லை.

திரும்பும் பேருந்துக்குக் காத்திருந்தபோது விமலாவை அழைத்தேன். போனை முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் பேசுவாள்.

"அங்க மழையா?"

"ஆமா."

"தலையத் துவட்டுங்க. ஏங்க, இருக்கறதே வீட்டுல மூடினபடி தூங்குது. இன்னொண்ணு எதுக்குங்க?"

ரெக்கார்டிங் என்றேன் அவளிடமும். சரியான ஒன்று கையில் கிடைக்காமல் அவளுக்கு நம்பிக்கை கொடுக்கப் பயமாக இருந்தது. அவளுக்கு மட்டுமா, எனக்கும்தான்.

அன்று ஆல்பர்ட் அண்ணன் வீட்டில் பழுப்பு டெனர் முந்தின நாள்போல இல்லை. புது ரீட் போட்டிருந்தேன். சத்தம் கொஞ்சம் மெலிந்து, ஓரத்தில் பிசிறு தெரிந்தது. இருந்தாலும் என்னுடையதைவிட எவ்வளவோ மெது. அண்ணன் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை விரல்கள் தொடையின் மேல் என்னோடு சேர்ந்து அசைந்தன. ஒரு மணி நேரமாயிற்று. உதடு எரிந்தது. நிறுத்தினால், "அந்தக் கீழ் சுரத்த இன்னொரு தரம்" என்பார். பக்கத்து வீட்டு ஜன்னல் அன்றும் மூடியது. நடைபாதையில் அந்த வீட்டுச் சீன அம்மா யாரிடமோ மலாயில் பேசுவது கேட்டது. செலின் அக்கா சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார்: "ஆல்பர்ட்டுக்குப் பல் போனதும் கடவுள் கண் திறந்தார் என்று நினைத்தேன், இப்போது ஆள் வைத்து ஊதுகிறான்."

செவ்வாய்க்கிழமை மூன்றாம் நாள். மறுநாள் எனக்கு விமானம். படியேறி வந்ததும் அண்ணன் குளித்துக்கொண்டிருக்கிறார் என்று செலின் அக்கா சமையலறைக்குள் அழைத்தார். கீழே கடையிலிருந்து பொங்குஸ் பண்ணி, அதாவது பார்சல் கட்டிக் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் தட்டில் வைத்தார். எங்கள் பரோட்டாவின் மலேசியத் தம்பி அது, கொஞ்சம் மெலிந்த தம்பி. பாலில்லாத தேநீர் ஒன்றும் கொடுத்தார். அக்கா என்னை உட்கார்த்தி வைத்த இடம் பாத்திர அலமாரிக்குப் பக்கத்தில். அடுக்கிய பீங்கான் தட்டுகளைப் பார்த்ததும் விமலா நினைவு வந்தது. களைப்போ என்னவோ, வாயில் வந்துவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? இந்தப் பழுப்பு சாக்ஸ் காதுக்கு வலிக்குமா?"

தன் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "முப்பது வருஷத்துல எங்கிட்ட இத யாரும் கேட்டது இல்ல" என்றார். "ஏன் தம்பி?"

சொன்னேன். காய்ச்சல், காது, செருப்பு, அண்டாக்கள் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடமாக வேறு யாரிடமும் சொல்லாததை, மூன்று நாள் பழக்கத்தில் ஒருவரிடம் ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னேன்.

அக்கா தேநீரைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப அத வாங்காதீங்க" என்றார்.

"எதை?"

"பழுப்ப. அது வாசிக்கிறவருக்குத்தான் மெது. செவுத்துல ஏறி வரும் தம்பி. இங்க நின்னா இந்தத் தட்டுங்க எல்லாம் கிறுகிறுன்னு ஆடும். எனக்கு நெஞ்சுக்குள்ள ஆடும். வெள்ளி அப்படி இல்ல. அது அவரு பக்கத்துல கத்தும், இங்க வர்றதுக்குள்ள அடங்கிரும்."

நான் வாயில் வைத்த ரொட்டியை விழுங்க மறந்தேன். இருபத்தேழு வருடமாகத் தொழிலில் இருப்பவன் செய்யக்கூடாத தப்பு இது, ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சாக்ஸபோனின் வாய் முன்னால் பார்த்திருக்கிறது. வாசிக்கிறவன் அதன் பின்னால் நிற்கிறான். தன் வாத்தியத்தை அவன் ஒரு நாளும் எதிரே இருந்து கேட்பதில்லை. கேட்டதாக நினைத்துக்கொள்கிறான். விமலாவின் காதுக்காக ஒன்றைத் தேடி வந்துவிட்டு, இரண்டு நாளும் என் காதால் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் இங்க நின்னு கேக்கணும். யாராவது வாசிக்கணுமே."

"யாரு இருக்கா? எனக்குத் தேவாரத்துக்கும் தெம்மாங்குக்குமே வித்தியாசம் தெரியாது" என்று சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "மூணு நாளு கணக்கெல்லாம் சும்மா லா. உங்களுக்கு முன்னால மூணு பேரு வந்து கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. விக்கிறதுக்கு மனசு இல்ல. ஆளுங்கள வரவெச்சு வாசிக்க வெச்சுக் கேக்குறாரு. வீடு ரொம்ப அமைதியா போச்சு, பாவம்."

குளியலறைக் கதவு திறந்தது. ஆல்பர்ட் அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் அவரிடம் மறுபடி சொன்னேன். முடிவில், "நீங்கதான் வாசிக்கணும். மூணையும், என்னுதையும் சேத்து" என்றேன்.

"பல்லு எங்க இருக்கு?" என்றார் கோபமாக.

"செட்டக் கழட்டுங்க. ரெண்டு உதட்டையும் மடிச்சுப் பிடிச்சுப் பாருங்க. கடிக்க வேண்டாம். சத்தம் கம்மியா வந்தாலும் போதும்."

இரண்டு உதட்டாலும் பிடித்து வாசிப்பவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். உதடு புண்ணாகும் என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அண்ணன் கையிலிருந்த துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். பல் இல்லாத வாயை வேற்றாள் முன்னால் காட்ட எந்த மனிதருக்கும் கூச்சம் இருக்கும். வாத்தியக்காரருக்கு இன்னும் அதிகம். "இங்கேருந்து பாக்கக்கூடாது" என்று கடைசியில் சொன்னார். செலின் அக்கா பல்செட்டைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்து, சமையலறைக் கதவைப் பாதி சாத்தினார்.

"பாதிதான் சாத்தணும்" என்றார் என்னிடம். "முழுசா சாத்துனா அவருக்கு மனசு கஷ்டமாயிரும். நான் முப்பது வருஷமா அப்படித்தான்."

நான் தட்டு அலமாரிக்குப் பக்கத்தில், விமலா நிற்கக்கூடிய இடத்தில் நின்றேன்.

முதலில் வெறும் காற்று. பிறகு ஒரு இருமல். மறுபடி காற்று. அப்புறம் ஒரு சுரம், தட்டுத்தடுமாறி, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல. என்னுடைய வெள்ளிதான் அது. இவ்வளவு மெதுவாக ஊதியும் ஊசிபோல நேரே வந்து காதில் ஏறியது. இதைத்தான் அவள் இருபத்தேழு வருடம் கேட்டிருக்கிறாள். அதில் இருபத்து நான்கு வருடம் சந்தோஷமாகவே கேட்டிருக்கிறாள். எனக்கு அந்தக் கதவை முழுக்கச் சாத்திவிடலாம் போல இருந்தது.

அடுத்தது பழுப்பு. அக்கா சொன்னது நடந்தது. அடுக்கில் இருந்த தட்டுகள் ஒன்றோடொன்று உரசி மெல்ல நடுங்கின. சுவரில் கை வைத்தால் கையில் தெரிந்தது. நான் மெத்தென்று கொண்டாடிய அந்த ரீங்காரம் வேலையைக் காட்டியது. விமலா இந்தத் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்கமாட்டாள்.

மூன்றாவது, நான் முதல் நாள் ஒரு தடவை ஊதிக் கீழே வைத்த வெள்ளி. சத்தம் கூடத்தில் இருந்தது. அங்கேயே இருந்தது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதுபோல, கேட்க வேண்டுமென்று நினைத்தால் மட்டும் கேட்டது. தட்டுகள் அசையவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர். என் விஷயத்துக்காக இல்லை என்று உடனே தெரிந்தது. அண்ணன் நிறுத்தவே இல்லை. எங்கள் சோதனை முடிந்து பத்து நிமிடமாகியும் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துக்கு அப்புறம்.

வாசலில் யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சீன அம்மா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்து அக்காவிடம் மலாயில் கேட்டது, அக்கா பிறகு சொன்னபடி, ஒரே கேள்வி: "இப்போது வாசிப்பது ஆல்பர்ட்டா?" ஆமாம் என்றதும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் கூடத்துக்கு வந்தபோது அண்ணன் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். கையை எடுத்ததும் உதட்டில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. முகம் மட்டும் பரீட்சையில் தேறிய ஆள் மாதிரி இருந்தது.

"தம்பி, பழுப்ப நான் குடுக்க மாட்டேன்" என்றார். பல்லில்லாமல் பேசியதால் சொற்கள் குழைந்து வந்தன. "என் காதுக்கு அதுதான் வேணும்."

"வேணாம் அண்ணே. எனக்கு வெள்ளி போதும்" என்றேன்.

பிறகு, "தட்டு ஆடுமே" என்று அக்காவைப் பார்த்தேன்.

"முப்பது வருஷம் ஆடின தட்டுதானே, ஆடட்டும் லா" என்று அவர் மக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

விலை பேச இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் வெள்ளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். கீழே வரை தூக்கிக்கொண்டும் வந்தார். ஒரு கையில் பழைய பெட்டி, மறு கையில் புதியது. மூன்று நாளில் முதல் தடவையாக என் இரண்டு தோளும் ஒரே அளவில் இறங்கின.

பெரம்பூர் வந்து சேர்ந்தும் இரண்டு நாள் பெட்டியைத் திறக்கவில்லை. களைப்பு என்று விமலாவிடம் சொன்னேன். பயம் என்பதுதான் சரி. பதினோராவது மாடிச் சமையலறை வேறு, எங்கள் வீட்டுச் சமையலறை வேறு. அக்காவின் காது வேறு, இவள் காது வேறு. இதுவும் ஆகாது என்றால் அப்புறம் தேட எனக்குத் தெம்பு இல்லை.

மூன்றாம் நாள் காலை அவள் உள்ளே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சமையலறைக் கதவைப் பாதி சாத்தினேன். என்ன இது என்று பார்த்துவிட்டு, மறுபடி நறுக்கத் தொடங்கினாள். கூடத்தில் உட்கார்ந்து புதுப் பெட்டியின் கொக்கிகளை விடுவித்தேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். உள்ளே கத்தி நின்றது. என் இடத்திலிருந்து வாசல் தெரியும். அவளுடைய நீல வார்ச் செருப்பு அங்கே கிடந்தது.

இரண்டு உதட்டையும் மடித்து, கடிக்காமல், ஒரு சுரம் பிடித்தேன். காதருகே கூர்மையாகத்தான் இருந்தது. என் காதை நம்பக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணைச் செருப்பின் மேல் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். செருப்பு அங்கேயே கிடந்தது. நாலு நிமிடத்தில் மேலுதடு பல்லில் அறுபட்டு வலி தாங்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

உள்ளே அவரைக்காய் நறுக்கும் சத்தம் கேட்டது. எப்போது மறுபடி ஆரம்பித்தாள் என்று நான் கவனிக்கவில்லை. இப்போது நறுக்கும் சத்தம் நின்றது.

"ஏங்க," என்றாள் உள்ளேயிருந்து, "ஏன் நிறுத்திட்டீங்க?"